கேள்வி பதில்: 45 டிகிரில வச்சுப் பாத்தீங்களா?

இந்தத் தடவ வந்த கேள்விகள்ல நிறைய பேர் என்டாங்கிள்டு போட்டான் (ஒண்ணோட ஒண்ணு பின்னிப்போன வெளிச்சத் துகள் ஜோடி) பத்தியே கேட்டிருக்காங்க, அதுவும் தத்துவம் இல்ல, லேப்ல எப்படி அளக்குறதுன்னு. படிக்கவே சந்தோஷமா இருந்துச்சு. மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: சார், நான் எம்.எஸ்சி ஃபிசிக்ஸ் ரெண்டாவது வருஷம். எங்க லேப்ல 405 நானோமீட்டர் லேசர், ஜோடி பிபிஓ கிரிஸ்டல், ரெண்டு சிங்கிள் போட்டான் டிடெக்டர் வச்சு ஒரு செட்டப் போட்டிருக்கோம். ஒரு பக்கம் போலரைசரை (ஒரு திசையில ஆடுற வெளிச்சத்த மட்டும் விடுற வடிகட்டி) 0-லேந்து 180 வரைக்கும் சுத்திப் பாத்துட்டோம், அந்தப் பக்கத்து டிடெக்டர் கவுன்ட் அசையவே மாட்டேங்குது. போலரைசர் போயிடுச்சா, டிடெக்டர் போயிடுச்சா? (கோவை மாணவர்)

ரெண்டும் போகல தம்பி. கவுன்ட் அசையாம நிக்குதே, அது நல்ல சகுனம்.

உங்க செட்டப்ல என்ன நடக்குதுன்னு மொதல்ல பாத்துடுவோம். 405-ல வர்ற ஒரு போட்டான் கிரிஸ்டலுக்குள்ள போய் ரெண்டா உடையுது, ஆளுக்குப் பாதி எனர்ஜி, அதனால ரெண்டும் 810 நானோமீட்டர். கோடிக்கணக்குல போற போட்டான்ல எங்கயோ ஒண்ணுதான் இப்படி உடையும், மிச்சமெல்லாம் நேரா போய் பீம் டம்ப்ல விழுந்துடும். ரெண்டு கிரிஸ்டலையும் ஒண்ணுக்கொண்ணு 90 டிகிரி திருப்பி ஒட்டியிருப்பாங்க. லேசர் வெர்ட்டிகலா, அதாவது மேலும் கீழுமா ஆடி, வந்தா ஒரு கிரிஸ்டல் மட்டும் வேலை செஞ்சு ஹரிசான்டல் ஜோடி குடுக்கும், லேசர் ஹரிசான்டலா வந்தா இன்னொண்ணு வேலை செஞ்சு வெர்ட்டிகல் ஜோடி குடுக்கும். லேசரை 45 டிகிரில உள்ள விட்டீங்கன்னா எந்தக் கிரிஸ்டல்ல பொறந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாத ஒரு ஜோடி வருது. கிரிஸ்டலை அரை மில்லிமீட்டர் கணக்குல மெல்லிசா வைக்கிறதும் அதுக்குத்தான், தடிமனா இருந்தா ரெண்டு கிரிஸ்டல்லேந்து வர்ற கூம்பும் தள்ளித்தள்ளி விழுந்து, எங்க பொறந்துச்சுங்கிற ரகசியம் வெளிய கசிஞ்சுடும். 1999-ல பால் க்வியாட் குழு இந்த ஒட்டுக் கிரிஸ்டல் முறையைக் கொண்டுவந்தாங்க, அதுக்கப்புறம்தான் இந்த எக்ஸ்பெரிமென்ட் காலேஜ் லேப் வரைக்கும் எறங்குச்சு.

இப்ப ஒரு பக்கத்து போட்டானை மட்டும் தனியா பாத்தா அதுக்குன்னு ஒரு திசையே கிடையாது. போலரைசரை எப்படித் திருப்பினாலும் பாதி போகும், பாதி நிக்கும். ஒருவேளை கவுன்ட் ஏறி எறங்குச்சுன்னா அப்பதான் கவலப்படணும், லேசரோட போலரைசேஷன் 45-ல இல்ல, ஒரு கிரிஸ்டல் அதிகமா வேலை செய்யுதுன்னு அர்த்தம், லேசருக்கு முன்னாடி இருக்குற ஹாஃப் வேவ் ப்ளேட்டை (போலரைசேஷன் திசையைத் திருப்புற தகடு) தொட்டு சரி பண்ணுங்க. ஆனா கவுன்ட் நிக்கிறத மட்டும் வச்சு என்டாங்கிள்மென்ட் கெடச்சிடுச்சுன்னு ரெக்கார்ட் நோட்ல எழுதிடாதீங்க, சாதா குண்டு பல்பு வெளிச்சத்துக்கும் போலரைசரைச் சுத்துனா இதேதான் வரும்.

விஷயம் பூரா கோயின்சிடன்ஸ்லதான். ரெண்டு டிடெக்டரும் சில நானோ செகண்டுக்குள்ள சேந்து அடிச்சா மட்டும் ஒண்ணுன்னு எண்ணுற கவுன்டர் உங்க கிட்ட இருக்கும், அந்த நம்பரைப் பாத்துக்கிட்டே போலரைசரைச் சுத்துங்க, ஆட்டம் தெரியும். கூடவே ஒரு சின்னக் கணக்கும் போட்டுக்கங்க: உதாரணத்துக்கு ஒவ்வொரு பக்கமும் செகண்டுக்கு 20,000 கவுன்ட், விண்டோ 10 நானோ செகண்டுன்னா சம்பந்தமே இல்லாத ரெண்டு போட்டான் தற்செயலா சேந்து அடிக்கிறது 20,000 பெருக்கல் 20,000 பெருக்கல் 10 நானோ செகண்ட், செகண்டுக்கு 4. இத கழிக்கணும். கழிக்காம விட்டுட்டு மினிமம் ஏன் ஜீரோவுக்கு வரலன்னு மண்டைய ஒடச்சுக்கிற பசங்க எல்லா வருஷமும் உண்டு.

இன்னொண்ணு, டிடெக்டர் ஆன்ல இருக்கறப்ப ரூம் லைட்டைப் போட்டுடாதீங்க. 405-க்கு ஏத்த கண்ணாடி மாட்டாம பக்கத்துல போகாதீங்க, அந்த வயலட் கண்ணுக்கு மங்கலாத்தான் தெரியும், ஆனா பவர் மங்கல் இல்ல.

கேள்வி: ரெண்டு போலரைசரும் 0, இல்லன்னா ரெண்டும் 90 வச்சா கோயின்சிடன்ஸ் நல்லா வருது. 0-90 வச்சா கிட்டத்தட்ட ஒண்ணுமே வரல. அதாவது பக்காவா மேட்ச் ஆகுது. ஆனா ரெண்டையும் 45-க்குத் திருப்புனா எல்லாமே பாதி பாதியா வருது. 0-90 மேட்ச் ஆனதே என்டாங்கிள்மென்டுக்குப் போதுமான ஆதாரம்தானே சார்? (திருச்சி ஆராய்ச்சி மாணவி)

போதாதும்மா. இந்த மொத்த பக்கத்துலயும் ஒண்ணே ஒண்ண மனசுல வச்சுக்கணும்னா இதத்தான் சொல்வேன்.

யோசிச்சுப் பாருங்க, ஒரு மெஷின் காசு சுண்டிப் பாத்து, தல விழுந்தா ரெண்டு ஹரிசான்டல் போட்டான், பூ விழுந்தா ரெண்டு வெர்ட்டிகல் போட்டான் அனுப்புதுன்னு வைங்க. அதுல குவான்டம் ரகசியம் எதுவும் இல்ல. ஆனா 0, 90-ல வச்சுப் பாத்தா உங்க ரிசல்ட்டும் அதோட ரிசல்ட்டும் ஒண்ணாத்தான் இருக்கும், பக்கா மேட்ச். வித்தியாசம் 45-ல திருப்புனாத்தான் தெரியும். ஹரிசான்டல் போட்டான் 45 போலரைசர்ல போனா பாதி வாய்ப்பு, அந்தப் பக்கமும் பாதி வாய்ப்பு, ரெண்டுக்கும் சம்பந்தமில்ல, அதனால காசு மெஷின்ல 45-45-ம் 45-135-ம் ஒரே கவுன்ட். நெஜ என்டாங்கிள்டு ஜோடில 45-45 உச்சத்துக்குப் போகும், 45-135 தரையில கெடக்கும். உங்களுக்குப் பாதி பாதியா வருதுன்னா இப்போதைக்கு உங்க டேபிள்ல இருக்குறது காசு மெஷினா இருக்கலாம்.

இருக்கலாம்னு ஏன் சொல்றேன்னா இதுல ரெண்டு கேஸ் இருக்கு. ஹரிசான்டல் ஜோடிக்கும் வெர்ட்டிகல் ஜோடிக்கும் நடுவுல ஒரு ஃபேஸ் (அலைகளோட முன்பின் வித்தியாசம்) இருக்கு, அது 90 டிகிரில மாட்டிக்கிச்சுன்னா என்டாங்கிள்மென்ட் முழுசா இருந்தாலும் 45-ல பாதி பாதியாத்தான் காட்டும், பாவம் நீங்க கிரிஸ்டலைத் திட்டிக்கிட்டு இருப்பீங்க. கண்டுபிடிக்க வழி சுலபம். லேசர் பாதையில கிரிஸ்டலுக்கு முன்னாடி ஒரு குவார்ட்ஸ் ப்ளேட் இருக்கும், அதோட ஆக்சிஸ் ஹரிசான்டலாவோ வெர்ட்டிகலாவோ இருக்கணும், ஸ்டாண்டோட சேத்து அத மெதுவா சாய்ங்க. அனலைசர்ல, அதாவது டிடெக்டருக்கு முன்னாடி இருக்குற போலரைசர்ல, ஒண்ண 45-லயும் இன்னொண்ண 135-லயும் வச்சுட்டு கோயின்சிடன்ஸ் நம்பரைப் பாத்துக்கிட்டே ஸ்க்ரூவத் திருப்புங்க. நம்பர் எறங்க ஆரம்பிச்சா ஃபேஸ்தான் பிரச்சனை, அடிமட்டம் எங்கயோ அங்க நிறுத்திடுங்க. எவ்வளவு சாய்ச்சாலும் நம்பர் அசையலன்னா அது ரெண்டாவது கேஸ், ரகசியம் எங்கயோ கசியுது. பெரும்பாலும் லேசர்தான் காரணமா இருக்கும், சாதா டயோடு லேசருக்கு கோஹிரன்ஸ் லென்த் (அலை வரிசை கலையாம ஒழுங்கா இருக்குற நீளம்) கம்மி, கிரிஸ்டலுக்குள்ள ஹரிசான்டலும் வெர்ட்டிகலும் வேற வேற வேகத்துல போறதுனால முதல் கிரிஸ்டல் ஜோடியும் ரெண்டாவது கிரிஸ்டல் ஜோடியும் நேரத்துல பிரிஞ்சுடுது. அதுக்கு முன்னாடியே எதிர்த் திசையில அந்த நேரத்த ஈடுகட்டுற ஒரு பைரிஃப்ரிஞ்சன்ட் (ரெண்டு போலரைசேஷனும் வேற வேற வேகத்துல போற) கிரிஸ்டல் போடணும், காம்பன்சேட்டர்னு கேட்டா குடுப்பாங்க.

சரி பண்ணுனதுக்கப்புறம் விசிபிலிட்டி எடுங்க, அதாவது உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்த ரெண்டோட கூட்டுத்தொகையால வகுக்கணும். 45-ல உச்சம் 300, அடிமட்டம் 12-ன்னு வந்துச்சுன்னு வைங்க, 288-ஐ 312-ஆல வகுத்தா 0.92. அது 0.71-ஐத் தாண்டலன்னா பெல் டெஸ்ட் (முன்னாடியே முடிவு பண்ணிட்டு வர்ற ஜோடி தாண்ட முடியாத எல்லையத் தாண்டுதான்னு பாக்குற சோதனை, கீழ மதுரை வாசகர் கேள்வில வருது) பக்கமே போக வேண்டாம், நேரம்தான் வீண்.

கேள்வி: சார், சாதா போலராய்டு ஷீட் இருக்கறப்ப எதுக்கு ஹாஃப் வேவ் ப்ளேட், போலரைசிங் பீம் ஸ்ப்ளிட்டர்னு செலவு வைக்கிறாங்க? கம்பெனி கொட்டேஷன் பாத்து எங்க ஹெச்ஓடி மயக்கம் போடாத குறை. (பேர் போட வேண்டாம்னு எழுதியிருக்கார்)

ஹெச்ஓடிக்குத் தண்ணி குடுத்துட்டு இதப் படிச்சுக் காட்டுங்க. ஷீட் வச்சும் செய்யலாம், நல்ல ஷீட்டா 810-ல வேலை செய்யற மாதிரி வாங்கணும், ஏன்னா கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்துக்குச் செஞ்ச சாதா போலராய்டு அந்த இன்ஃப்ராரெட்ல ஒழுங்கா தடுக்காது. ரெண்டாவது பிரச்சனை, சுத்துற பொருள் கொஞ்சம் ஆப்பு மாதிரி சாய்வா இருந்தாலும் பீம் வட்டம் போடும், பின்னாடி ஃபைபர்ல விழுற வெளிச்சம் ஆங்கிளுக்கு ஆங்கிள் மாறும், அதப் போலரைசேஷன்னு நெனச்சு ஏமாந்துடுவீங்க. பீம் ஸ்ப்ளிட்டரை ஒரே எடத்துல இறுக்கிட்டு முன்னாடி மெல்லிசான வேவ் ப்ளேட்ட மட்டும் சுத்துனா அந்தத் தொல்லை ரொம்பக் குறையும். அதோட பீம் ஸ்ப்ளிட்டர் ரெண்டு வாசலும் தரும், நேரா போறது ஹரிசான்டல், திரும்பி வர்றது வெர்ட்டிகல், நாலு டிடெக்டர் வாங்க முடிஞ்சா எதையும் வீணாக்க வேண்டாம். ஆனா க்யூப் மாடல்ல திரும்பி வர்ற வாசல் அவ்வளவு சுத்தமில்ல, கொஞ்சம் ஹரிசான்டலும் கலந்து வரும், நேர் வாசல்தான் சுத்தம். ரெண்டு டிடெக்டர்தான் இருக்குன்னா நேர் வாசல மட்டும் வச்சுக்கங்க.

இங்க பாதிப் பேர் வழுக்கி விழுற எடம்: ஹாஃப் வேவ் ப்ளேட்ட 10 டிகிரி திருப்புனா போலரைசேஷன் 20 டிகிரி திரும்பும். பெல் டெஸ்டுக்கு ஒரு பக்கம் 0, 45, இன்னொரு பக்கம் 22.5, 67.5 வேணும்னா டயல்ல வைக்க வேண்டியது 0, 22.5, அந்தப் பக்கம் 11.25, 33.75. அனலைசர் ஆங்கிளையே டயல்லயும் வச்சுட்டு, எஸ் மதிப்பு (பெல் டெஸ்ட்ல கடைசியா கெடைக்கிற நம்பர்) ஏன் இப்படி வருதுன்னு எழுதுன லெட்டரே இந்த மாசம் வந்திருக்கு. அதே மாதிரி லேசர் பக்கத்துல போடுற ப்ளேட் 405-க்கு, அனலைசர் பக்கத்துல போடுறது 810-க்கு, மாத்திப் போட்டா ரெண்டுமே வேலைக்காகாது. ஒரு ப்ளேட் ஒரு வேவ்லென்த்துக்குத்தான் சரியா இருக்கும். பல வேவ்லென்த்துக்கும் பொருந்துற மாதிரி மூணு ப்ளேட்ட வேற வேற ஆங்கிள்ல அடுக்குற வித்தையை 1955-ல பெங்களூர்ல ராமன் ஆராய்ச்சி நிலையத்துல இருந்துக்கிட்டு எழுதுனவர் பஞ்சரத்னம், சி.வி. ராமனோட மருமகப்பிள்ளை முறை, அக்கா தங்கச்சி வழி. அப்ப அவருக்கு வயசு 21 தான். இன்னைக்கும் அப்படி அடுக்குன ப்ளேட்டுக்கு உலகம் பூரா அவர் பேர்தான், நம்ம பசங்களுக்குத்தான் அவர் யாருன்னு தெரியல.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். எனக்கு இதுல என்ன அதிசயம்னே புரியல. ஒரு ஜோடி செருப்பைப் பிரிச்சு ரெண்டு பெட்டில போட்டு ஒண்ண டில்லிக்கும் ஒண்ண மதுரைக்கும் அனுப்புனா, மதுரைல இடது கால் இருந்தா டில்லில வலது கால்தான். போட்டானும் கெளம்புறப்பவே முடிவு பண்ணிட்டுத்தானே வந்திருக்கும்? (மதுரை வாசகர்)

ஐயா, நல்ல கேள்வி, 1935-ல ஐன்ஸ்டீனும் ரெண்டு சகாக்களும் கிட்டத்தட்ட இதத்தான் கேட்டாங்க. 0, 90-ல மட்டும் அளந்துக்கிட்டு இருந்தா உங்க செருப்பே போதும், மறுபேச்சு கிடையாது. சிக்கல் ஆங்கிள மாத்துறப்ப வருது.

செருப்புக் கணக்குப்படி ஒவ்வொரு போட்டானும் கெளம்புறப்பவே எல்லா ஆங்கிளுக்கும் பதில் எழுதி வச்சுக்கிட்டு வருது, போனா பிளஸ் ஒண்ணு, நின்னா மைனஸ் ஒண்ணு. இந்தப் பக்கம் ரெண்டு ஆங்கிளுக்கு ரெண்டு பதில், அந்தப் பக்கம் ரெண்டு ஆங்கிளுக்கு ரெண்டு பதில். அந்தப் பக்கத்து ரெண்டு பதிலும் ஒண்ணா இருந்தா கழிச்சா ஜீரோ, கூட்டுனா 2. வேற வேறயா இருந்தா கூட்டுனா ஜீரோ, கழிச்சா 2. கழிச்சத இந்தப் பக்கத்து மொத பதிலாலயும் கூட்டுனத ரெண்டாவது பதிலாலயும் பெருக்கிச் சேத்தா எப்பவும் பிளஸ் 2 இல்ல மைனஸ் 2, வேற எதுவுமே வராது, பேப்பர்ல போட்டுப் பாருங்க. ஆயிரம் ஜோடிக்குச் சராசரி எடுத்தா அது 2-ஐத் தாண்டவே முடியாது. 1964-ல ஜான் பெல் ஆரம்பிச்சு வச்சத 1969-ல கிளாசர், ஹார்ன், ஷிமோனி, ஹோல்ட் நாலு பேரும் லேப்ல அளக்குற வடிவத்துக்குக் கொண்டு வந்தாங்க. அந்தச் சராசரிக்குத்தான் எஸ்-னு பேர்.

குவான்டம் கணக்குப்படி ரெண்டு அனலைசருக்கும் நடுவுல இருக்குற ஆங்கிளை ரெண்டால பெருக்கி கோசைன் எடுத்தா அதுதான் ஒத்துப்போற அளவு. 0-வும் 22.5-ம்னா கோசைன் 45, அதாவது 0.707. 45-22.5, 45-67.5 ரெண்டுக்கும் அதே 0.707. 0-67.5-க்கு மட்டும் மைனஸ் 0.707, அத ஃபார்முலால கழிக்கிறதுனால அதுவும் பிளஸ் ஆயிடும். நாலையும் சேத்தா 2.83. செருப்பு 2-லயே நின்னுடுச்சு, போட்டான் அதத் தாண்டிப் போகுது.

லேப்ல பாத்தாங்களான்னா, பாத்தாங்க. 1972-ல பெர்க்லில ஃப்ரீட்மனும் கிளாசரும் கால்சியம் அணுவுலேந்து வர்ற பச்சை, ஊதா ஜோடி போட்டான வச்சு செஞ்சாங்க, அவங்க போலரைசர் கண்ணாடித் தகட அடுக்கி ப்ரூஸ்டர் ஆங்கிள்ல சாய்ச்சு வச்சது. 1982-ல பாரிஸ் பக்கத்துல ஓர்சேல அலென் ஆஸ்பே குழு அதே கால்சியத்தோட ரெண்டு வாசல் போலரைசர் போட்டு அளந்தாங்க, எஸ் மதிப்பு 2.697, தப்பு வரக்கூடியது 0.015 தான். 1998-ல இன்ஸ்ப்ரூக்ல சைலிங்கர் குழு 400 மீட்டர் தள்ளி வச்சு, போட்டான் வழியில இருக்கறப்பவே ஆங்கிள மாத்திப் பாத்தாங்க. அப்பவும் ஒரு ஓட்டை இருந்துச்சு, டிடெக்டர் நிறைய போட்டான விட்டுடுது, விட்டது எல்லாம் வேற மாதிரி இருந்திருந்தா என்னன்னு கேக்கலாம்ல. 2015-ல டெல்ஃப்ட், வியன்னா, அமெரிக்காவுல போல்டர், மூணு எடத்துலயும் அத அடைச்சுட்டாங்க. டெல்ஃப்ட்ல வைரத்துக்குள்ள இருக்குற எலக்ட்ரான் ஸ்பின் வச்சு செஞ்சாங்க, மத்த ரெண்டுலயும் நம்ம போட்டான் போலரைசேஷன்தான், டிடெக்டர் மட்டும் சூப்பர்கண்டக்டிங். வேடிக்கை என்னன்னா அந்த ரெண்டு எடத்துலயும் ஹரிசான்டல் ஜோடியையும் வெர்ட்டிகல் ஜோடியையும் வேணும்னே சமமில்லாம வச்சாங்க, அப்படி வச்சா டிடெக்டர் மூணுல ரெண்டு பங்குக்கு மேல புடிச்சாலே கணக்கு நிக்கும், சமமா வச்சா 83 சதவீதத்துக்குக் கிட்ட புடிக்கணும். ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூணு பேருக்கும் 2022-ல நோபல் குடுத்தாங்க. காலேஜ் டேபிள்ல இந்த ஓட்டையெல்லாம் அப்படியேதான் இருக்கும், அது தப்பில்ல, ரெக்கார்ட்ல அத எழுதிட்டா போதும்.

கேள்வி: அப்ப இத வச்சு அமெரிக்காவுல இருக்குற என் பையனுக்கு வெளிச்சத்த விட வேகமா மெசேஜ் அனுப்பலாமா? (தஞ்சாவூர் வாசகி)

முடியாதும்மா. மொத கேள்வில கோவைத் தம்பி பாத்தாரே, ஒரு பக்கம் என்ன சுத்துனாலும் கவுன்ட் பாதியிலயே நிக்குதுன்னு, அந்தப் பக்கம் நீங்க எத சுத்துனாலும் இந்தப் பக்கம் அதேதான். ரெண்டு லிஸ்டையும் ஒக்காந்து ஒப்பிட்டுப் பாத்தாத்தான் சங்கதி தெரியும், அந்த லிஸ்டு சாதா வழியிலதான் போய்ச் சேரணும். வாட்ஸ்அப்பே வேகம்.

கேள்வி: குவார்ட்டர் வேவ் ப்ளேட்டும் கிட்ல குடுத்திருக்காங்க, பெல் டெஸ்டுக்கு அது தேவையே படலையே? (சென்னை மாணவர்)

பெல் டெஸ்டுக்குத் தேவையில்ல. டோமோகிராஃபிக்கு வேணும், அதாவது உங்க ஜோடியோட நெலமய முழுசா எழுதிக்காட்டணும்னா. 0, 90, 45 மட்டும் பாத்தா போதாது, சர்க்குலர் (வட்டமா சுத்துற) போலரைசேஷனும் பாக்கணும், அதுக்கு ஒவ்வொரு பக்கமும் குவார்ட்டரும் ஹாஃபும் பின்னாடி பீம் ஸ்ப்ளிட்டரும் வைக்கணும். பக்கத்துக்கு நாலு செட்டிங், மொத்தம் 16 கோயின்சிடன்ஸ், அத வச்சு டென்சிட்டி மேட்ரிக்ஸ (அந்த நெலமய முழுசா சொல்ற எண் அட்டவணை) கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்துடலாம். கவுன்ட் கம்மியா இருந்தா மேட்ரிக்ஸ்ல அபத்தமான நெகட்டிவ் வாய்ப்பெல்லாம் வரும், பயப்படாதீங்க, 100 கவுன்ட்னா கூடக் கொறைய 10 ஆடும், ஒவ்வொரு செட்டிங்கையும் நின்னு நெதானமா எண்ணுங்க.

கேள்வி: நான் டெலிகாம்ல ஃபைபர் ஜாயின்ட் போடுற வேலை. போலரைசேஷன ஃபைபர்ல அனுப்புனா அப்படியே போய்ச் சேருமா? (திருநெல்வேலி வாசகர்)

சேராதுங்க, உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். சாதா சிங்கிள் மோடு ஃபைபரை வளைச்சா, முறுக்கினா, வெயில் பட்டா உள்ள போலரைசேஷன் எங்கயோ திரும்பிடும். அதனால லேப் கிட்ல அனலைசர எப்பவும் ஃபைபருக்கு முன்னாடி வைக்கிறாங்க, அளந்து முடிச்ச பின்னாடி ஃபைபர் என்ன முறுக்குனாலும் நமக்குக் கவலையில்ல. ஃபைபருக்குப் பின்னாடிதான் அளக்கணும்னா மூணு பேடில் வச்ச கன்ட்ரோலர் இருக்கு, ஃபைபரை வட்டமா சுத்தி வச்சா அந்த வளைவே வேவ் ப்ளேட் மாதிரி வேலை செய்யும், குவார்ட்டர், ஹாஃப், குவார்ட்டர் வரிசையில, பேடில ஆட்டி ஆட்டி 0-வயும் 45-ஐயும் திரும்ப நேராக்கணும். 0-வ மட்டும் சரி பண்ணிட்டு எழுந்துடாதீங்க, 45 வேற எங்கயாவது போயிருக்கும். தெருவுல பொதைச்ச நீள கேபிள்ல இது நாள் பூரா நகந்துக்கிட்டே இருக்கும், அதுக்குத் தானா திருத்துற மோட்டார் போடணும், இல்லன்னா போலரைசேஷன விட்டுட்டு போட்டான் வர்ற நேரத்துலயே தகவல வைக்கிற முறைக்குப் போயிடணும்.

காத்துல அனுப்புனா இந்தத் தொல்லை கெடையாது, காத்து போலரைசேஷன பெருசா தொடாது. 2017-ல சீனாவோட மிசியஸ் சாட்டிலைட் 1,200 கிலோமீட்டர் தள்ளி இருக்குற ரெண்டு ஸ்டேஷனுக்கு ஜோடியப் பிரிச்சு அனுப்புச்சு, சாட்டிலைட் நகர நகர ரெண்டு பக்கத்து 0-வும் ஒண்ணுக்கொண்ணு திரும்பிடும்ல, அத வேவ் ப்ளேட்ட மோட்டார்ல சுத்தி ஈடுகட்டுனாங்க. நம்ம ஊர்ல 2022-ல அகமதாபாத்ல இஸ்ரோவோட ஸ்பேஸ் அப்ளிகேஷன்ஸ் சென்டரும் ஃபிசிக்கல் ரிசர்ச் லேபரட்டரியும் சேந்து 300 மீட்டர் தள்ளி இருக்குற ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல என்டாங்கிள்டு போட்டான் வச்சு ரகசியச் செய்தியப் பூட்டுற சாவி பரிமாறிக் காட்டுனாங்க.